மூச்சைத் தாங்கும் மருத்துவம்

மூச்சு விடுவதை மனிதர் ஒரு வேலையாகக் கருதுவதில்லை. அதற்கென முயல வேண்டுவதில்லை. உறக்கத்திலும் அது தானே நடைபெறுகிறது. ஆனால், மூன்று மாதக் குழந்தை ஒன்றின் நுரையீரலில் நோய் புகுந்துவிட்டால், அக்குழந்தைக்கு மூச்சு விடுவதே முழுநேர வேலையாகிவிடுகிறது. பால் குடிக்க நேரமில்லை, உறங்க நேரமில்லை, நாளடைவில் அழுவதற்கும் வலிவில்லை. இவ்வாறு உழைத்துக் களைத்த ஒரு சிற்றுயிரை எவ்வாறு காப்பது என்பதே குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பகுதியில் பணிபுரிவோர் நாள்தோறும் எதிர்கொள்ளும் கேள்வி. அக்கேள்விக்கு மருத்துவ உலகம் கண்ட விடை, ‘இன்ன மருந்தைக் கொடு’ என்பதன்று. ‘மூச்சைத் தாங்கு, விழிப்போடு பார்த்திரு, வேண்டாதவற்றைச் செய்யாதே’ என்பதே அவ்விடை. இதனைக் கற்றுக்கொள்ள அவ்வுலகத்திற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

நோயின் இயல்பு

இந்நோயை மேனாட்டு மருத்துவர் பிராங்கியோலைட்டிஸ் என்பர். தமிழில் நுண்மூச்சுக்குழல் அழற்சி எனலாம். தொண்டையிலிருந்து இறங்கும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, பின் நான்காகவும் எட்டாகவும் கிளைத்து, தலைகீழாக நிற்கும் மரம்போல நுரையீரலுக்குள் பரவுகிறது. அதன் மிக மெல்லிய சுள்ளிகளே நுண்மூச்சுக்குழல்கள். அவற்றின் முடிவில் காற்று நுண்ணறைகள் உள்ளன. பிராணவாயு இரத்தத்தில் கலப்பதும் கரியமிலவாயு வெளியேறுவதும் அந்நுண்ணறைகளில்தாம். சுள்ளிகளின் உட்சுவர் வீங்கிச் சளியாலும் இறந்துபட்ட அணுக்களாலும் அடைபடுவதே இந்நோய். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையே, சிறப்பாக முதல் ஆண்டில் உள்ள குழந்தைகளையே இது தாக்குகிறது.

இதனை உண்டாக்கும் வைரஸ்கள் பல. அவற்றுள் முதன்மையானது ஆர்.எஸ்.வி. எனப்படுவது. 1956ஆம் ஆண்டு அமெரிக்காவில், ஆராய்ச்சிக்காக வளர்க்கப்பட்ட சிம்பன்ஸிக் குரங்குகளுக்குச் சளி பிடித்தபோதுதான் இது முதன்முதலில் அறியப்பட்டது. மறு ஆண்டே ராபர்ட் சானக் என்பவரும் அவர்தம் குழுவினரும் பால்டிமோர் நகரில் நோயுற்ற குழந்தைகளிடம் இதே வைரஸைக் கண்டனர். குரங்கின் நோய் என்று எண்ணப்பட்டது மனிதக் குழந்தைகளின் நோயே என்பது அப்போது தெளிவாயிற்று.

பெரியவர்களுக்கு வெறும் தடிமனாக வந்து போகும் இந்த வைரஸ், பச்சிளங் குழந்தையை மட்டும் ஏன் இவ்வாறு வாட்டுகிறது? விடை கணிதத்தில் உள்ளது. குழாய் வழியே சீராக ஓடும் பொருளுக்கு ஏற்படும் தடை, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கிற்கு எதிர்விகிதத்தில் அமையும் என்பது பிரெஞ்சு அறிஞர் புவாஸேய் கண்ட விதி. 4 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஒரு குழாயின் உட்சுவர் 1 மில்லிமீட்டர் வீங்கினால், அதன் தடை ஏறத்தாழ மூன்று மடங்காகும். 2 மில்லிமீட்டர் ஆரமுள்ள குழாயில் அதே 1 மில்லிமீட்டர் வீக்கம் ஏற்பட்டால், தடை பதினாறு மடங்காகிவிடும். வீக்கம் ஒன்றே, விளைவோ வேறு. குழந்தையின் குழல்கள் இயற்கையிலேயே குறுகியவை. ஆதலின், பெரியவருக்குச் சிறு தொல்லையாக இருப்பது குழந்தைக்குப் பெருந்துயராகிறது.

இன்னொரு துன்பமும் உண்டு. மூச்சை உள்ளிழுக்கும்போது குழல்கள் சற்றே விரிகின்றன; வெளிவிடும்போது சுருங்குகின்றன. அடைபட்ட குழல் வழியே காற்று எப்படியோ உள்ளே நுழைந்துவிடுகிறது. ஆனால், வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்கிறது. நெஞ்சு உப்பிக்கொள்கிறது. முற்றிலும் அடைபட்ட குழல்களுக்கு அப்பால் உள்ள நுண்ணறைகளோ காற்றின்றிச் சுருங்கிப்போகின்றன. உப்பியும் சுருங்கியும் கிடக்கும் நுரையீரலை இயக்கக் குழந்தை தன் சிறு தசைகள் அனைத்தையும் பயன்படுத்துகிறது. அதன் விலா எலும்புகள் மென்மையானவை. ஆதலின், ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குகிறது.

நோயின் போக்கு பெரும்பாலும் ஒரே வகையினது. முதல் இரண்டு மூன்று நாள் மூக்கொழுகல். பின்பு இருமலும் இரைப்பும். மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை நோய் உச்சத்தில் நிற்கும். அதன் பின் தணியும். இருமல் மட்டும் மூன்று வாரம்வரை நீடிக்கலாம். மிகப் பல குழந்தைகள் வீட்டிலேயே தேறிவிடுகின்றன. குறைமாதத்தில் பிறந்தவை, பிறவி இதயநோய் உள்ளவை, பிறந்து சில வாரங்களே ஆனவை ஆகிய குழந்தைகளுக்கு ஆபத்து மிகுதி. எனினும், மருத்துவமனையில் சேர்க்கப்படுவனவற்றுள் பெரும்பாலானவை அதுவரை நல்ல உடல்நலத்தோடு இருந்த குழந்தைகளே என்பதை மறத்தல் கூடாது. 2019ஆம் ஆண்டில் மட்டும் ஆர்.எஸ்.வி. வைரஸால் உண்டாகும் நுரையீரல் நோயினால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் உலகெங்கும் இறந்தனர் என்பது அறிஞர்களின் மதிப்பீடு. அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருவாய் நாடுகளையும் சேர்ந்தவர்கள்.

கைவிடப்பட்ட மருந்துகள்

குழந்தை இரைக்கிறது, ஆஸ்துமா நோயாளியும் இரைக்கிறார். ஆகவே, ஆஸ்துமாவுக்குரிய மருந்துகளே இதற்கும் உதவும் என்று மருத்துவர் நெடுங்காலம் எண்ணினர். அது இயல்பான எண்ணமே. ஆனால், ஆராய்ச்சிகள் அதனை ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு வகை மருந்தொன்றை அமெரிக்காவில் 600 குழந்தைகளிடம் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டனர். மருந்து பெற்றவருள் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தவர் நூற்றுக்கு 40 பேர். வெறும் போலி மருந்து பெற்றவருள் 41 பேர். அட்ரீனலின் மருந்தைப் புகையாக உள்ளிழுக்கச் செய்யும் முறையை நார்வே நாட்டில் 404 குழந்தைகளிடம் சோதித்தனர். உப்புநீர்ப் புகையைவிட அது மேலானதன்று என்று 2013இல் தெரியவந்தது.

இதன் காரணம் யாது? ஆஸ்துமாவில் மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது. மருந்து அதனைத் தளர்த்துகிறது. இந்நோயிலோ அடைப்புக்குக் காரணம் தசையன்று. வீக்கமும் சளியும் இறந்த அணுக்களுமே. கதவு தாழிடப்பட்டிருந்தால் திறவுகோல் உதவும். கதவின் பின்னே மண் குவிந்திருந்தால் திறவுகோலால் பயனென்ன? நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளும் அவ்வாறே. அவை பாக்டீரியாக்களைக் கொல்வன, வைரஸைத் தொடா. நோய் முற்றிச் செயற்கைச் சுவாசம் வேண்டியிருக்கும் குழந்தைகள் சிலரிடம் பாக்டீரியாவும் சேர்ந்துகொள்வதுண்டு. அப்போது மட்டும் அவை பயன்படும்.

மருந்து இல்லை என்பதால் மருத்துவம் இல்லை என்பதன்று. உடல் தானே வைரஸை வெல்லும். அதற்குச் சில நாள்கள் வேண்டும். அந்தச் சில நாள்களைக் குழந்தைக்கு வாங்கித் தருவதே மருத்துவம்.

முனகல் கற்பித்த பாடம்

மூச்சுத் திணறும் குழந்தை ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் மெல்ல முனகும். இம்முனகல் வெறும் வேதனைக் குரலன்று. குழந்தை தன் குரல்வளையைச் சற்றே மூடி, காற்று முழுதும் வெளியேறாதபடி தடுத்து, நுண்ணறைகள் சுருங்கிவிடாமல் காத்துக்கொள்கிறது. ஒரு ரப்பர் பலூனை முதன்முதலாக ஊதும்போது வருத்தி ஊத வேண்டும். பாதி ஊதியபின் எளிதாக ஊதலாம். நுண்ணறையும் அத்தகையதே. அது முற்றிலும் சுருங்கிவிட்டால் மீண்டும் விரிக்கப் பெருமுயற்சி வேண்டும். எனவே, ஓரளவு காற்றை உள்ளேயே நிறுத்திக்கொள்ளக் குழந்தை முனகுகிறது.

குழந்தை தானே செய்யும் இவ்வேலையைக் கருவி கொண்டு செய்தால் என்ன என்று எண்ணியவர் ஜார்ஜ் கிரகரி என்னும் மருத்துவர். 1971ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில், நுரையீரல் முதிராமல் பிறந்த 20 குழந்தைகளுக்கு, மூச்சு விடும் நேரம் முழுவதும் சிறிதளவு காற்றழுத்தம் மாறாமல் இருக்கும்படி செய்தார். அவற்றுள் 16 குழந்தைகள் பிழைத்தன. ஸி-பாப் எனப்படும் இந்தத் தொடர் அழுத்த முறை, பின்னர் நுண்மூச்சுக்குழல் அழற்சிக்கும் பயன்படலாயிற்று. மூக்கில் பொருத்திய சிறு குழாய்கள் வழியே அழுத்தம் செலுத்தப்படுகிறது. குழந்தை தானே மூச்சு விடுகிறது. அழுத்தம் குழல்களைத் திறந்து பிடித்துக்கொள்கிறது. களைத்த தசைகளின் சுமை குறைகிறது.

இதற்கும் சாதாரணப் பிராணவாயுக் குழாய்க்கும் இடைப்பட்ட வழி ஒன்று அண்மைக் காலத்தில் பரவியுள்ளது. பிராணவாயுவும் காற்றும் கலந்த கலவையை உடல் வெப்பத்திற்குச் சூடாக்கி, ஈரப்பதம் ஊட்டி, மூக்கின் வழியே விரைவாகச் செலுத்துவது அது. குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்திற்கு 2 லிட்டர் என்பது வழக்கமான அளவு; 5 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 10 லிட்டர். மூக்கிலும் தொண்டையிலும் தேங்கும் கரியமிலவாயுவை இது அடித்துச் செல்கிறது. ஈரமும் வெப்பமும் சளியை இளக்குகின்றன.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,472 குழந்தைகளிடம் இம்முறை சோதிக்கப்பட்டு 2018இல் முடிவு வெளிவந்தது. சாதாரண முறையில் பிராணவாயு பெற்றவர்களுள் நூற்றுக்கு 23 பேருக்கு அம்முறை போதாமற் போயிற்று. விரைவோட்ட முறை பெற்றவர்களுள் 12 பேருக்கே போதாமற் போயிற்று. எனினும், மருத்துவமனையில் தங்கிய நாள்களில் வேறுபாடு இல்லை. மேலும், முதல்முறை போதாமற்போனவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர், பின்பு விரைவோட்ட முறைக்கு மாற்றப்பட்டபோது தேறினர். ஆகவே, எல்லாக் குழந்தைகளுக்கும் தொடக்கத்திலேயே இதனைக் கொடுக்க வேண்டுவதில்லை. இரண்டாம் படியாக வைத்துக்கொள்ளலாம். நோய் மிக முற்றியவர்க்கு ஸி-பாப் முறையே வலிவுடையது. பிரான்சு நாட்டில் 142 குழந்தைகளை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஸி-பாப் முறை நூற்றுக்கு 31 பேரிடமும், விரைவோட்ட முறை 51 பேரிடமும் தோல்வியுற்றன. தோல்வியுற்றோருள் பலரை ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாற்றியே காப்பாற்ற முடிந்தது.

இவை யாவும் போதாதபோதே மூச்சுக்குழலினுள் குழாய் இறக்கிச் செயற்கைச் சுவாசக் கருவியோடு குழந்தையை இணைப்பர். அங்கும் அவசரம் ஆகாது. சிக்கிய காற்று வெளியேற நேரம் வேண்டும். ஆதலின், கருவி மெதுவாக மூச்சு விடும்படி அமைக்கப்படுகிறது. விரைந்து ஊதினால் உள்ளே காற்று மேன்மேலும் தேங்கி நுரையீரலைக் கிழித்துவிடக் கூடும்.

டாக்காவில் ஒரு புட்டி

இக்கருவிகள் விலை மிக்கவை. ஏழை நாடுகள் என் செய்யும்? வங்காளதேசத்து மருத்துவர் முகம்மது ஜோபாயர் சிஸ்தி, 1996இல் சில்ஹெட் நகர மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, ஒரே இரவில் மூன்று குழந்தைகள் நிமோனியாவால் இறப்பதைக் கண்டார். இதற்கொரு வழி காண வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். பிற்காலத்தில் மெல்போர்ன் நகரில், நீர்க்குமிழி கொண்டு இயங்கும் ஸி-பாப் கருவியைக் கண்டார். டாக்கா திரும்பியபின், வெறுமையான ஷாம்பு புட்டி ஒன்றினுள் குமிழிகள் இருப்பதைக் கண்டபோது எளிய வழி ஒன்று அவருக்குப் புலப்பட்டது.

அதன் அமைப்பு பள்ளி மாணவர்க்கும் விளங்கும். குழந்தையின் மூக்குக் குழாய்க்குப் பிராணவாயு வருகிறது. வெளியேறும் குழாயின் முனை புட்டியில் உள்ள நீருக்குள் அமிழ்ந்திருக்கிறது. முனை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், அந்த 5 சென்டிமீட்டர் நீரின் அழுத்தத்தை வென்றால்தான் காற்று குமிழியாக வெளியேற முடியும். அதே அழுத்தம் குழந்தையின் நுரையீரலிலும் நிலைத்து நிற்கிறது. குழாயை ஆழமாக இறக்கினால் அழுத்தம் கூடும். மேலே தூக்கினால் குறையும். கடும் நிமோனியா கண்ட குழந்தைகளிடம் டாக்காவில் இதனைச் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டனர். சாதாரணப் பிராணவாயு பெற்ற 67 குழந்தைகளுள் 10 இறந்தன. குமிழிக் கருவி பெற்ற 79 குழந்தைகளுள் இறந்தவை 3.

இத்துடன் நின்றால் இது கருவியின் வெற்றிக் கதையாகிவிடும். ஆனால், ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டின் மாவட்ட மருத்துவமனை ஒன்றில் நடந்த சோதனையையும் அறிதல் வேண்டும். அங்கே மருத்துவரின் நாள்தோறுமான மேற்பார்வை இல்லை. சத்துக் குறைவாலும் பிற நோய்களாலும் நலிந்த குழந்தைகள் 644 பேர் கடும் நிமோனியாவுக்காகச் சேர்க்கப்பட்டிருந்தனர். 2019இல் வெளிவந்த முடிவின்படி, குமிழி ஸி-பாப் பெற்றவருள் நூற்றுக்கு 17 பேரும், சாதாரணப் பிராணவாயு பெற்றவருள் 11 பேரும் இறந்தனர். டாக்காவில் உயிர் காத்த முறை இங்கே காக்கவில்லை. குழந்தைகளும் நோய்நிலையும் இடமும் வேறுபட்டவை. ஆதலின், இரண்டையும் அப்படியே நிறுத்துப் பார்த்தல் ஆகாது. ஆனால், ஓர் உண்மை தெளிவு. கருவி தனியே நின்று உயிரைக் காப்பதில்லை. அதனருகே நின்று பார்க்கும் கண்ணும் கையும் வேண்டும்.

தாதியரின் பணி

தீவிர சிகிச்சைப் பகுதியில் அக்கண்ணும் கையும் பெரும்பாலும் தாதியருடையவை. இளங்குழந்தை பெரிதும் மூக்கின் வழியே மூச்சு விடுவது. ஆதலின், மூக்கில் சேரும் சளியை மெல்ல உறிஞ்சி எடுப்பதே பேருதவி. மூச்சு வாங்கும் குழந்தைக்குப் பாலூட்டினால் பால் நுரையீரலுக்குள் புகக்கூடும். எனவே, மூக்கு வழியே வயிற்றுக்குச் செல்லும் மெல்லிய குழாயில் தாய்ப்பாலைச் சிறிது சிறிதாகச் செலுத்துவர். நரம்பு வழியே நீர் ஏற்றினால் அளவறிந்து ஏற்றுவர். இந்நோயில் உடல் நீரைத் தேக்கி வைத்துக்கொள்ளும் தன்மையது. ஆதலின், நீர் மிகுந்தால் இரத்தத்தில் உப்பு குறைந்து வலிப்பு வரலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, குழந்தையைத் தேவையின்றித் தொடாமல் விடுவர். ஒவ்வோர் ஊசியும் ஒவ்வொரு சோதனையும் குழந்தையை அழவைக்கும். அழுகை, எஞ்சியுள்ள சிறு வலிவையும் செலவழித்துவிடும்.

அனுபவமற்றோரை ஏமாற்றும் குறி ஒன்று உண்டு. நிமிடத்திற்கு 70 முறை மூச்சு வாங்கிய குழந்தை, திடீரென 30 முறை மட்டும் வாங்கலாம், இரைச்சலும் அடங்கலாம். பார்ப்பவர் ‘குழந்தை தேறிவிட்டது’ என்று மகிழ்வர். உண்மையில் அது தேறியிருக்கலாம். அல்லது களைத்து ஓய்ந்து போயிருக்கலாம். முகத்தெளிவும் பால் விருப்பமும் திரும்பினால் தேறுதல். சோர்வும் வெளுப்பும் கூடினால் ஆபத்து. எண்ணை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் ஒன்றாகக் கொள்வர். குழந்தையைப் பார்ப்பவரே வேறுபாடு காண்பர்.

வீட்டிலும் பள்ளியிலும்

ஆபத்து அறிகுறிகள் தாய்மார் எவரும் கண்டுகொள்ளத் தக்கவை. ஒரு நிமிடம் முழுதும் எண்ணும்போது மூச்சு 60க்கு மேல் போதல், விலாவின் கீழ் உள்வாங்குதல், மூக்கு விடைத்தல், முனகல், வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதியும் குடியாமை, அரை நாளாகச் சிறுநீர் கழியாமை, உதடும் நாக்கும் நீலம் பாய்தல், மூச்சு இடையிடையே நின்று போதல் ஆகியவை அவை. இவற்றுள் ஒன்று கண்டாலும் குழந்தையை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்; நாக்கு நீலமாதலும் மூச்சு நிற்றலும் அவசர ஊர்தியை அழைக்க வேண்டிய குறிகள். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையிடம் இருமலே இல்லாமல், மூச்சு நிற்பதே முதல் அறிகுறியாக வருவதும் உண்டு.

தடுப்பு முறைகளின் வரலாறும் எச்சரிக்கையோடு தொடங்கியது. 1960களின் நடுவில் அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட முதல் தடுப்பூசி, காப்பதற்கு மாறாக நோயைக் கடுமையாக்கிற்று; இரு குழந்தைகள் இறந்தன. அதன் பின் பல பத்தாண்டுகள் முயற்சி தயங்கி நின்றது. 2013இல் வைரஸின் மேற்புறப் புரதமொன்றின் சரியான வடிவத்தை அறிஞர்கள் கண்டறிந்தபின் வழி திறந்தது. 2023ஆம் ஆண்டு அமெரிக்காவில், குழந்தைக்கு ஒரே முறை போடும் நோயெதிர்ப்பு ஊசியும், கருவுற்ற தாய்க்குப் போடும் தடுப்பூசியும் ஒப்புதல் பெற்றன. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் கருவிலேயே குழந்தைக்குச் செல்கிறது. குழந்தை பேறு நோக்கி இருக்கும் குடும்பத்தினர் இவற்றைப் பற்றித் தம் மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

ஆசிரியர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கென்யா நாட்டின் கிராமப்புறத்தில் வீடு வீடாக ஆராய்ந்தவர்கள், கைக்குழந்தைக்கு இந்த வைரஸைக் கொண்டு வந்தவர் யார் என்று தேடினர். பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கொண்டு வந்தவர் அக்குழந்தையின் அக்காளோ அண்ணனோ; அவர்களுள் பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். வகுப்பில் மூக்கொழுகி உட்கார்ந்திருக்கும் எட்டு வயது மாணவனுக்கு அது சாதாரணத் தடிமன். மாலையில் அவன் வீடு திரும்பித் தொட்டிலில் கிடக்கும் தங்கையை ஆசையோடு முத்தமிடுகிறான். அவன் மீது குற்றமில்லை. அவனுக்குச் சொல்லித் தருவார் இல்லாமையே குறை.

இருமும்போது வாயை மூடுதல், வீடு சேர்ந்ததும் சோப்பிட்டுக் கை கழுவுதல், சளி பிடித்த நாளில் கைக்குழந்தையை முத்தமிடாது விலகியிருத்தல் ஆகிய மூன்றையும் ஒரு பாட வேளையில் சொல்லித் தந்துவிடலாம். குழந்தையிருக்கும் வீட்டில் புகைபிடித்தல் ஆகாது என்பதையும் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துரைக்கலாம். தீவிர சிகிச்சைப் பகுதியில் மருத்துவரும் தாதியரும் இரவு பகலாகத் தாங்கிப் பிடிக்க வேண்டிய ஒரு சிறு மூச்சு, அங்கே போகாமலே காக்கப்படுவதற்கு அந்த ஒரு பாட வேளையும் காரணமாகலாம்.